தந்தையும் குன்றும்: பேணுவாரை இழந்த மகவு பற்றிய இலக்கியப் பார்வையும் பாலக்காடு, இடுக்கி எல்லைப்புற வாழ்வும்

முன்னுரை

பெற்றோரை இழந்து நிற்கும் மகவு தமிழ் இலக்கியத்தில் தொடக்கம் முதலே இடம்பெற்று வருகிறது. பறம்பின் கோமான் பாரியின் மகளிர், கோவூர்கிழாரால் உயிர் பிழைத்த மலையமானின் மக்கள், மணிமேகலைக் காப்பியத்தின் ஆபுத்திரன் ஆகியோர் இவ்வகையில் குறிப்பிடத்தக்கவர்கள். எனினும் இவர்களைப் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் வள்ளலின் கொடை, புலவரின் நட்பு, துறவியின் அறம் என்னும் கோணங்களிலேயே அமைந்துள்ளன. இழப்புக்குப் பின்னர் அம்மகவு எங்கு வாழ்ந்தது, யாரால் பேணப்பட்டது, அப்பேணுதல் எதுவரை நீடித்தது என்னும் வினாக்கள் அவ்வளவாக எழுப்பப்படவில்லை.

இவ்வினாக்களைக் கேரளத்தின் பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களில் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி வாழும் தமிழர் வாழ்வோடு வைத்து நோக்குவதற்குக் காரணம் உண்டு. தோட்டங்களை நம்பி வாழும் குடும்பங்களில் பெற்றோரின் இறப்பும் இருப்பிடத்தின் இழப்பும் ஒன்றாகவே நேர்கின்றன. பாரி மகளிர்க்கு நேர்ந்ததும் இதுவே. இவ்வொற்றுமையை அடிப்படையாகக் கொண்டு, பேணுவாரை இழந்த மகவைத் தமிழ் இலக்கியம் காட்டும் முறையையும் அதன் போதாமையையும் இக்கட்டுரை மதிப்பிட முற்படுகிறது.

துறை வகுக்கப்படாத துயர்

தொல்காப்பியப் புறத்திணையியல் காஞ்சித் திணையின் பகுதியாக இழப்பின் பல நிலைகளைப் பெயரிட்டுக் கூறுகிறது. மனைவியை இழந்த கணவனின் நிலை தபுதாரம் எனப்படுகிறது. கணவனை இழந்த மனைவியின் நிலை தாபதம் எனப்படுகிறது. சுற்றத்தார் கூடி அழுவதற்கும், ஆதரவாளனை இழந்தோர் செயலற்று வருந்துவதற்கும் தனித்தனிப் பெயர்கள் உள்ளன. ஆனால் பெற்றோரை இழந்த மகவின் நிலைக்கெனத் தனித்துறை எதுவும் வகுக்கப்படவில்லை.

இக்குறை புறநானூற்றைத் துறைப்படுத்தியோரின் செயலிலும் எதிரொலிக்கிறது. பாரி மகளிர் பாடியதாக அமைந்த 112ஆம் பாடலுக்கும், பாரியை இழந்த கபிலரின் பாடல்களுக்கும் கையறுநிலை என்னும் ஒரே துறை வழங்கப்பட்டுள்ளது. கையறுநிலையின் மையப்பொருள் இறந்தவனின் பெருமை. எஞ்சி நிற்பவரின் நாளை அன்று. ஆகவே மகளின் துயரும் புலவரின் துயரும் ஒரே பெயரால் சுட்டப்படும்போது, மகளுக்கு மட்டுமே உரிய சிக்கல் மறைந்துவிடுகிறது. புலவர்க்கு வேறொரு புரவலன் கிடைக்கலாம். மகளுக்கு வேறொரு தந்தை இல்லை.

சொல் வழக்கிலும் இதே நிலையைக் காணலாம். அநாதை என்பது வடமொழியிலிருந்து வந்த சொல். திக்கற்றவர், ஆதரவற்றோர் என்பன போன்ற சொற்கள் ஒன்று இல்லாமையைச் சுட்டி நிற்கின்றனவே அன்றி, தேவைப்படுவது யாது என்பதைச் சுட்டவில்லை. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் ‘பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தை’ என்னும் பெரும்பிரிவை வைத்து, பெற்றோரற்ற குழந்தையை அதனுள் அடக்குகிறது. இல்லாமையிலிருந்து தேவைக்கு நகரும் இச்சொல்லாட்சி அழகற்றதாகத் தோன்றலாம். ஆயினும் கருத்தளவில் இது ஒரு முன்னேற்றம் எனலாம்.

பாரி மகளிரின் பாடல்

112ஆம் பாடல் மிகச் சிறியது. இரண்டு நிலவு நாள்களை அருகருகே நிறுத்துவது ஒன்றே அதன் உத்தி. சென்ற திங்களின் நிலவில் தந்தையும் இருந்தான், குன்றும் கைவிட்டுப் போகவில்லை. இத்திங்களின் நிலவில் வென்ற வேந்தர் குன்றைக் கொண்டனர், தந்தையும் இல்லை. இவ்வளவே செய்தி. போரின் காரணமோ, வேந்தர் மூவரின் பழியோ, தந்தையின் கொடைச் சிறப்போ இதில் பேசப்படவில்லை.

இப்பாடலின் தனிச்சிறப்பாக மூன்றைக் குறிப்பிடலாம். முதலாவது, இழந்தவரே பேசுகின்றனர். மலையமான் மக்களைப் பற்றிய 46ஆம் பாடலில் மக்கள் பேசுவதில்லை. யானைக் காலில் இடப்படுவதற்காகக் கொண்டுவரப்பட்ட சிறுவர், யானையைக் கண்ட வியப்பில் அழுகையை மறந்தனர் என்றும், பழக்கமில்லாத மன்றத்தைக் கண்டு மருண்டனர் என்றும் கோவூர்கிழார் குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவனுக்கு எடுத்துரைக்கிறார். குழந்தை மனத்தை இத்துணை நுட்பமாகக் கண்ட பாடல்கள் சிலவே. எனினும் அது வெளியிலிருந்து காணும் பார்வை. பாரி மகளிரின் பாடலிலோ பார்வை உள்ளிருந்து எழுகிறது.

இரண்டாவது, தந்தையும் குன்றும் இணையாக நிறுத்தப்படுகின்றன. ஒன்று உயிர், மற்றொன்று நிலம் என்னும் ஏற்றத்தாழ்வு இங்கு இல்லை. வளர்ந்தோர்க்கு நிலம் உடைமையாகலாம். மகவுக்கோ தந்தை இருக்கும் இடமே நிலம், நிலம் இருக்கும் வரையே தந்தையின் நினைவு. ஒன்றை இழந்தவர்க்கு மற்றதேனும் எஞ்சினால் வாழ்வு தொடர வழியுண்டு. இரண்டும் ஒரே திங்களில் பறிபோனமையே இப்பாடலின் துயர்.

மூன்றாவது, காலத்தின் அளவு. ஒரு திங்கள் இடைவெளியில் அனைத்தும் மாறிவிடுகின்றன. நெருக்கடி என்பது குழந்தையின் வாழ்வில் எத்துணை விரைவாக வந்து சேர்கிறது என்பதற்கு இதனினும் சுருக்கமான சான்று காண்டல் அரிது.

கபிலரின் பொறுப்பும் அதன் எல்லையும்

பாரி இறந்தபின் மகளிரை அழைத்துக்கொண்டு பறம்பை நீங்கிய கபிலர், விச்சிக்கோனிடமும் இருங்கோவேளிடமும் அவர்களை மணந்துகொள்ளுமாறு வேண்டுகிறார் (200, 201). இருங்கோவேள் மறுத்தபோது சினந்து பாடுகிறார் (202). பின்னர் மகளிரைப் பார்ப்பாரிடம் ஒப்படைத்துவிட்டு வடக்கிருந்தார் என்பது பழைய கொளு தரும் செய்தி (236). திருக்கோவலூர் வீரட்டானேசுவரர் கோயிலின் முதலாம் இராசராசன் காலத்துக் கல்வெட்டோ, அவர் பாரியின் மகளை மலையர்க்குக் கொடுத்துவிட்டுத் தீப்புகுந்ததாகக் கூறுகிறது. இரு மரபுகளும் முடிவில் வேறுபட்டாலும், பொறுப்பை முடித்தபின் கபிலர் உயிர் நீத்தார் என்பதில் ஒன்றுபடுகின்றன.

நட்பின் இலக்கணமாகவே இந்நிகழ்ச்சி காலந்தோறும் போற்றப்படுகிறது. அப்போற்றுதலில் தவறில்லை. அந்தணராகிய ஒரு புலவர், வேந்தர் மூவரின் பகையைப் பொருட்படுத்தாது, தமக்கு உறவல்லாத பெண் மக்களோடு ஊர் ஊராக நடந்தது எளிய செயல் அன்று. ஆயினும் மகளிரின் நிலையிலிருந்து நோக்கும்போது வேறொன்றும் புலப்படுகிறது. கபிலரின் கடமை இறந்த நண்பனுக்கு உரியது. மகளிர் அக்கடமையின் பொருளாக மட்டுமே அமைகின்றனர். கடமை நிறைவேறியதும் அவர் நண்பனைத் தேடிச் செல்கிறார். தந்தையை இழந்தவர்கள், தந்தைக்கு நிகராக நின்றவரையும் இழக்கின்றனர். அவ்விரண்டாம் இழப்பைப் பற்றி மகளிர் பாடிய பாடல் எதுவும் இல்லை. 112ஆம் பாடலில் ஒலித்த குரல் அதன்பின் ஒலிக்கவே இல்லை. அவர்கள் யார் யாருக்குக் கொடுக்கப்பட வேண்டும் என்பது பற்றி 200 முதல் 202 வரையிலான பாடல்கள் பேசுகின்றன. அவர்கள் விரும்பியது யாது என்பதை அவற்றில் எதுவும் கேட்கவில்லை.

பொறுப்பேற்றலுக்கும் ஒப்படைத்தலுக்கும் உள்ள வேறுபாடு இங்குத் தெளிவாகிறது. ஒப்படைத்தல் ஒரு நாளில் முடியும். பொறுப்பு ஆண்டுகளைக் கோரும்.

ஆபுத்திரன்: நிபந்தனைக்கு உட்பட்ட பேணுதல்

ஆபுத்திரன் கதையில் சிக்கல் வேறு வடிவம் கொள்கிறது. குமரிக்கு நீராட வந்த சாலி என்பவள் வழியில் ஈன்று கைவிட்டுச் சென்ற குழந்தையை ஓர் ஆ ஏழு நாள் பாலூட்டிக் காத்தது. வயனங்கோட்டு இளம்பூதி அக்குழந்தையைக் கண்டெடுத்து, தன் மகனாகவே ஏற்று, கல்வியும் அளித்து வளர்த்தான். வேள்விக்கெனக் கட்டப்பட்ட ஆவை ஆபுத்திரன் விடுவித்தபோது அந்தணர் சினந்தனர். அவனுடைய பிறப்பை எடுத்துக்காட்டி இகழ்ந்தனர். அத்துணை ஆண்டு வளர்த்த இளம்பூதி அவனை வீட்டைவிட்டு நீக்கினான். ஊரார் அவனது ஐயக்கடிஞையில் கல்லையிட்டனர்.

பசுவின் உயிர்க்கு இரங்கிய அவனது அருளே இப்பகுதியில் முதன்மை பெறுகிறது. ஆயின் வளர்ப்புக் குழந்தை என்னும் நோக்கில் காணும்போது, சாத்தனார் வேறொரு கடுமையான உண்மையையும் பதிவு செய்துள்ளார் எனக் கருத இடமுண்டு. வளர்ப்பு வீட்டில் மகவு பெறும் அன்பு, அது அடங்கி நடக்கும் வரையே நீடிக்கிறது. கருத்து மாறுபட்ட நாளிலேயே அதன் பிறப்பு அதற்கு எதிராகத் திருப்பப்படுகிறது. பெற்ற மகன் அதே குற்றத்தைச் செய்திருப்பின் அவனது பிறப்பு பேசப்பட்டிராது.

மதுரை சென்ற ஆபுத்திரன் சிந்தாதேவி கோயிலில் தங்கி, இரந்து பெற்ற உணவைக் கண்ணற்றோர், செவியற்றோர், கால் முடங்கியோர், பேணுவார் அற்றோர், பிணியாளர் ஆகியோர்க்குப் பகிர்ந்து, எஞ்சியதைத் தானுண்டு, ஓட்டினையே தலைக்கணையாகக் கொண்டு உறங்கினான். அமுதசுரபி அவனுக்குக் கிடைப்பது இதற்குப் பின்னரே. பேணுவாரற்றவனே பேணுவாரற்றோர்க்குப் பேணுநன் ஆகிறான். தமிழ்க் காப்பிய மரபில் இரக்கத்தின் பொருளாக மட்டும் நில்லாமல் அறத்தைச் செய்பவனாகவும் உயரும் கைவிடப்பட்ட மகவு என்ற வகையில் ஆபுத்திரன் தனித்து நிற்கிறான்.

தேயிலைக் குன்றுகளும் லயங்களும்

இனி இவ்விலக்கிய நோக்கை மலைத்தோட்டங்களுக்குக் கொண்டுவரலாம். பாலக்காட்டு மாவட்டத்தின் நெல்லியாம்பதி, இடுக்கி மாவட்டத்தின் மூணாறு, தேவிகுளம், பீர்மேடு ஆகிய பகுதிகளிலும், இவற்றுக்கு இடையில் தமிழ்நாட்டின் பக்கம் அமைந்த வால்பாறையிலும் தோட்டத் தொழிலுக்கெனத் தமிழ் மாவட்டங்களிலிருந்து மக்கள் தலைமுறை தலைமுறையாகக் குடியேறினர். அவர்கள் வாழும் வரிசை வீடுகள் லயம் எனப்படுகின்றன. லயம் தொழிலாளியின் உடைமை அன்று. தோட்ட நிருவாகத்தின் உடைமை. வேலை இருக்கும் வரை வீடு உண்டு. ஓய்வு பெற்றாலோ இறந்தாலோ, குடும்பத்தில் வேறொருவர் அதே தோட்டத்தில் வேலையில் இல்லையெனில் வீட்டை விட்டு நீங்க வேண்டும். 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் 50 பெண் தொழிலாளர்களுக்கு மேற்பட்ட தோட்டங்களில் குழந்தைகள் காப்பகம் அமைக்கக் கோரியது நற்செயலே. எனினும் அக்காப்பகமும் தாயின் வேலையைச் சார்ந்ததே. தாயின் பெயர் பதிவேட்டிலிருந்து நீங்கும்போது குழந்தையின் இடமும் உறுதியற்றதாகிறது. பாரி மகளிர்க்குப் போரினால் நேர்ந்தது, இங்கு வேலை விதியினாலேயே நேர்ந்துவிடுகிறது.

இவ்வாழ்வைப் பற்றிய எழுத்துகளுள் குறிப்பிடத்தக்கது, ஆனைமலைத் தோட்டங்களில் மருத்துவராகப் பணியாற்றிய பி. எச். டேனியல் ஆங்கிலத்தில் எழுதி 1969இல் வெளியான நாவல். இரா. முருகவேள் அதனை ‘எரியும் பனிக்காடு’ என்னும் பெயரில் தமிழாக்கினார். முன்பணம், மேஸ்திரி, தீராக்கடன், கொள்ளைநோய் என்னும் தொடர் அழிவை அந்நாவல் ஆவணத் தன்மையோடு விரிக்கிறது. அதனைத் தழுவிப் பாலா 2013இல் இயக்கிய ‘பரதேசி’ திரைப்படத்தில், கணவன் தப்பியோடிவிட, சிறு மகளோடு தோட்டத்தில் சிக்கிய மரகதம் என்னும் பெண் நோயால் இறக்கிறாள். அவள் மகளை உறவல்லாத இராசா என்னும் தொழிலாளி தன் பொறுப்பில் ஏற்கிறான். கபிலரின் செயலுக்கு இது நிகரானது. கடனில் கட்டுண்டு, காலின் நரம்பு அறுக்கப்பட்ட ஒருவன் செய்வது என்பதால் அதனினும் கடினமானது எனலாம்.

ஆயினும் படத்தின் இறுதிக் கதறல் இராசாவுடையது. தன் மனைவியும் மகனும் அதே தோட்டத்திற்குக் கொண்டுவரப்பட்டதைக் கண்ட தந்தையின் கதறல் அது. தாயை இழந்த சிறுமி அக்கதறலின் நிழலில் மறைகிறாள். அவள் எவ்வாறு வளர்ந்தாள் என்பது படத்தின் அக்கறைக்கு அப்பாற்பட்டது. பெற்றோரின் இறப்பைத் துன்பியலின் உச்சமாகவும், எஞ்சிய மகவை அவ்வுச்சத்தின் சான்றாகவும் பயன்படுத்தும் போக்கு இது. கையறுநிலையின் பழைய இலக்கணம் புதிய ஊடகத்திலும் தொடர்வதை இதனால் அறியமுடிகிறது.

எல்லையும் சட்டமும்

எல்லைப்புறத்தில் இச்சிக்கல் மேலும் ஒரு மடிப்புக் கொள்கிறது. 1956 நவம்பர் 1ஆம் நாள் மாநிலங்கள் மொழிவழி அமைந்தபோது தேவிகுளமும் பீர்மேடும் சித்தூரும் கேரளத்தில் அமைந்தன. உறவுகளோ இரு பக்கமும் பரவிக்கிடந்தன. இடுக்கியின் ஏலத் தோட்டங்களுக்குத் தேனி மாவட்டத்திலிருந்து போடிமெட்டு, கம்பமெட்டு, குமுளி வழியாக நாள்தோறும் தொழிலாளர் சென்று திரும்புகின்றனர். பாலக்காட்டு மாவட்டத்தைச் சேர்ந்த பறம்பிக்குளத்திற்கு வாகனச் சாலை நெடுங்காலமாகத் தமிழ்நாட்டின் சேத்துமடை, டாப்சிலிப் வழியாகவே இருந்துவருகிறது. அங்குள்ள காடர், மலசர் குடியிருப்புகளின் குழந்தையொன்றைத் தன் மாவட்டத் தலைநகருக்குக் கொண்டுசெல்ல, மாநில எல்லையை இருமுறை கடக்க வேண்டியிருந்தது.

2015ஆம் ஆண்டுச் சட்டம் மாவட்டந்தோறும் குழந்தைகள் நலக் குழுவை அமைக்கிறது. பேணுவாரற்ற குழந்தையைப் பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்திற்குள் அக்குழுவின் முன் நிறுத்த வேண்டும். குழந்தை வேறு மாவட்டத்தையோ மாநிலத்தையோ சார்ந்ததெனில், அதன் நலனுக்கு உகந்தது என விசாரித்தறிந்தபின் அவ்விடத்துக் குழுவிற்கு மாற்றவும் வழி செய்கிறது. ஆனால் மூணாற்றில் பிறந்து, அங்குள்ள தமிழ்வழிப் பள்ளியில் பயின்று, பாட்டன் மட்டும் தூத்துக்குடி மாவட்டத்தில் வாழும் குழந்தைக்கு ‘சொந்த ஊர்’ எது? உதவித் திட்டங்களும் மாநில அளவிலேயே அமைகின்றன. உறவினர் வீட்டில் வளரும் இத்தகைய குழந்தைகளுக்குக் கேரள அரசு ‘ஸ்நேகபூர்வம்’ திட்டத்தின்கீழ் வகுப்பிற்கு ஏற்ப மாதம் 300 உரூபாய் முதல் 1,000 உரூபாய் வரை வழங்குவதாக வகுத்தது. தமிழ்நாட்டரசு 2025 செப்டம்பர் 15இல் தொடங்கிய ‘அன்புக் கரங்கள்’ திட்டம் 18 வயது வரை மாதம் 2,000 உரூபாய் வழங்குகிறது. எல்லை கடந்து உறவினரிடம் செல்லும் குழந்தை ஒரு மாநிலத்தின் உதவியை விட்டு, மற்றொன்றின் உதவிக்குப் புதிய சான்றுகளோடு காத்திருக்க நேர்கிறது. இடைப்பட்ட மாதங்கள் எவர் கணக்கிலும் இல்லை. கபிலர் பறம்பை நீங்கிய நாளுக்கும் ஒப்படைத்த நாளுக்கும் இடைப்பட்ட நடைக்காலம் போன்றதே இது.

அச்சட்டத்தின் அடிப்படைக் கோட்பாடுகளுள் ஒன்று, குழந்தையின் கருத்து கேட்கப்பட வேண்டும் என்பது. 200 முதல் 202 வரையிலான பாடல்களில் இல்லாதது இதுவே. இக்கோட்பாடு எல்லைப்புறத்தில் பொருளுடையதாக வேண்டுமெனில், அக்கருத்து தமிழில் கேட்கப்பட்டுத் தமிழறிந்தோரால் பதிவுசெய்யப்பட வேண்டும். எந்த மொழியில் கேட்கப்படுகிறது என்பதே எவ்வளவு கேட்கப்படுகிறது என்பதைத் தீர்மானிக்கிறது.

பெட்டிமுடி

2020 ஆகத்து 6ஆம் நாள் இரவு, மூணாற்றை அடுத்த இராசமலையின் பெட்டிமுடியில் ஏற்பட்ட நிலச்சரிவில் லயங்கள் மண்ணில் புதைந்தன. எழுபதுபேர் மாண்டனர், நால்வரின் உடல் கிடைக்கவேயில்லை. மாண்டோரில் பலர் தூத்துக்குடி மாவட்டம் கயத்தாற்றில் வேர்கொண்ட தமிழ்க் குடும்பத்தினர். தந்தையும் குன்றும் ஒரே இரவில் மறைந்த நிகழ்ச்சி இது. இங்குக் குன்றே தந்தையை விழுங்கியது என்பது பழம்பாடலுக்கும் இதற்கும் உள்ள கொடிய வேறுபாடு.

தப்பிப் பிழைத்த எட்டுக் குடும்பங்களுக்கு மூணாற்றை அடுத்த குட்டியாறு பகுதியில் அரசு நிலம் அளிக்க, வீடுகள் கட்டித் தரப்பட்டன. இச்செயலின் முதன்மை எண்ணிக்கையில் இல்லை. வேலையோடு கட்டுண்ட லயத்திலிருந்து விடுபட்ட வீடு இது. தொழிலாளியின் இறப்பால் பறிபோகாத வீடு. பேணுவாரை இழந்த மகவுக்குச் செய்யத்தக்க உதவிகளுள் முதலாவது, அது வாழ்ந்த இடத்தை அதனிடமிருந்து பறிக்காதிருத்தலே என்னும் உண்மையை இது உணர்த்துகிறது. பேரிடருக்குப் பின் சிலர்க்குக் கிட்டிய இவ்வுறுதி, பேரிடர் இன்றியே நோயாலும் விபத்தாலும் பெற்றோரை இழக்கும் ஏனைய லயக் குழந்தைகளுக்கும் உரியதாதல் வேண்டும். ஒரு வீட்டில் இருவர் இறந்தால் அது செய்தியாவதில்லை; ஆயின் குழந்தையின் இழப்பு அளவில் குறைந்ததன்று.

முடிவுரை

பேணுவாரை இழந்த மகவைத் தமிழ் இலக்கியம் தொடக்கம் முதலே கண்டுள்ளது. ஆயினும் அதன் இழப்பைப் பாடிய அளவிற்கு, இழப்பிற்குப் பிந்தைய வாழ்வைப் பாடவில்லை. இலக்கணம் அதற்குத் துறை வகுக்கவில்லை. கபிலரின் ஒப்படைப்போடு பாரி மகளிரின் குரல் அடங்குகிறது. இளம்பூதியின் அன்பு நிபந்தனைக்கு உட்பட்டதாகிறது. திரைப்படம் தாயின் இறப்போடு மகளை மறக்கிறது. இவற்றுக்கு நடுவே 112ஆம் பாடல், இழந்தவரே தம் இழப்பைச் சொல்லும் உரிமையையும், பெற்றோரும் இருப்பிடமும் பிரிக்க இயலாதவை என்னும் அறிவையும் தாங்கி நிற்கிறது. ஆபுத்திரன் கதையோ, அத்தகைய மகவு பிறரைப் பேணும் ஆற்றலுடையது என்பதை நிறுவுகிறது.

பாலக்காடு, இடுக்கி எல்லைப்புறத்தின் குழந்தைகள் பற்றிய திட்டங்களும் எழுத்துகளும் இவ்விரண்டையும் அளவுகோலாகக் கொள்ளலாம். வேலையோடு வீடும் போகாதிருத்தல், எல்லை கடந்தாலும் உதவி அறுபடாதிருத்தல், முடிவெடுக்கும் முன் குழந்தையை அதன் மொழியில் கேட்டல் ஆகியன திட்டங்களின் கடமை. மண் மூடிய இரவோடு நின்றுவிடாமல், அடுத்த திங்களின் நிலவையும் அதற்கடுத்த ஆண்டுகளையும் எழுதுதல் இலக்கியத்தின் கடமை.